பிரித்த ஸ்வெட்டரின் நூல் ஏன் சுருண்டே கிடக்கிறது?

ஓசூர் சிப்காட்டில் மெஷினில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. கையில் போட்டிருக்கும் வெள்ளை நூல் கிளவுஸ் ஏதோ ஒரு பிசிறில் மாட்டும். விரல் நுனியில் ஒரே ஓர் இழை அறும். காலையில் கடுகளவு இருந்த ஓட்டை, சாப்பாட்டு பெல் அடிப்பதற்குள் விரல் முழுதாக வெளியே நீட்டும் அளவுக்கு வாய் பிளந்துவிடும். அதே மெஷினைத் துடைக்க வைத்திருக்கும் பழைய லுங்கித் துணியில் ஓர் இழை அறுந்தால் ஒன்றும் ஆவதில்லை. ஓரத்தில் நாலு நூல் தொங்கும், அவ்வளவுதான்.

இரண்டும் பருத்தி. இரண்டும் முறுக்கிய நூல். ஒன்று ஏன் அறுந்த இடத்திலிருந்து ஓடுகிறது, மற்றொன்று ஏன் நின்றுவிடுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் ஜூஜுவாடியின் வாடகை வீட்டு வரிசைகளிலேயே இருப்பார்கள். கர்நாடக எல்லையை ஒட்டிய இந்தப் பகுதி கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. மார்கழியில் நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிறவருக்கு ஸ்வெட்டர் இல்லாமல் கதை நடக்காது. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் வேலைக்காக இங்கே வந்து தங்கிய குடும்பங்களுக்கோ ஸ்வெட்டர் என்பது கடையில் வாங்கும் பொருளாக மட்டும் இருந்ததில்லை. வடமாநில வீடுகளில் பல தலைமுறைப் பெண்களுக்கு அது கைவேலை. பிள்ளை வளர்ந்து ஸ்வெட்டர் இறுக்கமானால் அதைத் தூக்கிப் போடமாட்டார்கள், பிரிப்பார்கள். நூலைச் சுற்றி, நனைத்து, காயவைத்து, அடுத்த அளவுக்கு மறுபடி பின்னுவார்கள். ராணுவத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து வடக்கே பல வருடம் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தன.

பிரிப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உருவி எடுத்த நூல் நேராக இருப்பதில்லை. உடனடி நூடுல்ஸ் மாதிரி நெளிந்து கிடக்கிறது. எவ்வளவு இழுத்தாலும், விட்டதும் பழையபடி சுருண்டுகொள்கிறது. ஸ்வெட்டர் போய்விட்டது, அதன் வடிவம் மட்டும் நூலுக்குள் தங்கிவிட்டது. துணி அத்தனை எளிதில் அவிழ்கிறது, நூல் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஓர் ஆடையை அதன் உருவில் நிறுத்தி வைப்பவை இரண்டு தனித்தனிப் பூட்டுகள் என்பது தெரியும்.

முதல் பூட்டு வடிவக் கணக்கு சார்ந்தது. தறியில் நெய்த துணியில் பாவு நெடுக்காக ஓடும், ஊடை குறுக்காக ஓடும். நூற்றுக்கணக்கான தனித்தனி இழைகள் ஒன்றின் மேலும் கீழுமாக ஏறி இறங்கி, உராய்வால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஓர் இழை போனால் பக்கத்து இழைக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. பின்னல் துணியின் கதை வேறு. கையால் பின்னிய ஸ்வெட்டரின் ஒரு பாகத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே நூல். அது குறுக்காகப் போய்த் திரும்பி, மறுபடி குறுக்காகப் போகிறது. போகும் வழியில் கீழ் வரிசையின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளிருந்தும் ஒரு புதிய வளையத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வளையத்தைக் கண்ணி என்போம். கீழே இருக்கும் கண்ணி அவிழாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அதற்குள் மேல் கண்ணி நுழைந்து நிற்பது. அந்த மேல் கண்ணியைக் காப்பது அதற்கும் மேலே இருப்பது. இப்படியே போனால் கடைசி வரிசைக் கண்ணிகளைக் காக்க யாரும் இல்லை. அதனால்தான் பின்னுகிறவர்கள் முடிக்கும்போது ஒரு கண்ணியைப் பக்கத்துக் கண்ணிக்குள் மாட்டிக்கொண்டே போய், மிஞ்சும் ஒற்றைக் கண்ணிக்குள் நூலின் நுனியையே நுழைத்து இறுக்குகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கடைசி இடத்தைத் தவிர வேறெங்கும் நூலின் நுனி எதற்குள்ளும் போகவில்லை. நுழைந்ததெல்லாம் வளையங்கள். மாடு கட்டும் கயிற்றில் போடும் உருவாஞ்சுருக்கும் இதே இனம்தான்: பார்வைக்கு முடிச்சு, நுனியைச் சுண்டினால் வெறும் கயிறு. கணிதத்தில் இடத்தியல் என்றொரு துறை இருக்கிறது. நீளம், கோணம் எதையும் பொருட்படுத்தாமல், எது எதற்குள் போகிறது, எது எதிலிருந்து வெட்டாமல் விடுபடும் என்பதை மட்டும் ஆராய்வது. அந்தக் கண்ணோடு பார்த்தால், நுனியை இறுக்கும் முன்பு வரை ஸ்வெட்டரில் முடிச்சே கிடையாது. நீளமான ஒரு நூல் சுருக்குகளாக அடுக்கப்பட்டிருக்கிறது.

எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுத்தர மொத்தமுள்ள நூலில் பின்னினால் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் அகலவாட்டில் 20 கண்ணி, உயரவாட்டில் 28 வரிசை, ஆக 560 கண்ணிகள். பெரியவர் ஒருவரின் ஸ்வெட்டரை உடலும் கைகளுமாக விரித்தால் ஏறக்குறைய 9,000 சதுர சென்டிமீட்டர் வரும். அதில் சுமார் 50,000 கண்ணிகள். கண்ணி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நூல் என்று வைத்தால் முக்கால் கிலோமீட்டருக்கும் ஒரு கிலோமீட்டருக்கும் இடையில் வரும். மாநில எல்லையில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு இந்தப் பக்கமாக நடந்தால், ஜூஜுவாடி ஊருக்குள் வரும்வரை கையில் நூல் இருக்கும்.

கிளவுஸ் புதிருக்கும் இதுவே விடை. நூல் கிளவுஸை மெஷின் விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டுவரை பின்னிக்கொண்டு வருகிறது. மணிக்கட்டு விளிம்பில் கலர் நூலால் ஓவர்லாக் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வரிசைக் கண்ணிகளைக் காக்க ஆளில்லாத குறையைத் தீர்க்கும் காவல் அது. ஆனால் நடுவில் ஓர் இழை அறுந்தால், அங்கே இருந்த கண்ணிக்கு ஆதாரம் போகிறது. அது நழுவியதும் அதை நம்பியிருந்த அடுத்தது நழுவுகிறது. விளிம்பிலுள்ள காவலுக்கு இதைத் தடுக்க வழியில்லை. ஜப்பானின் வாகயாமாவில் மசஹிரோ ஷிமா 1960களில் உருவாக்கிய தானியங்கிக் கையுறை மெஷின்களின் வழியில் வந்தவைதான் இன்று உலகம் முழுக்கத் தையலே இல்லாமல் கிளவுஸ் பின்னும் மெஷின்கள். அதே ஷிமா செய்கி நிறுவனம் முழு ஸ்வெட்டரையும் தையலின்றி ஒரே மூச்சில் பின்னித் தள்ளும் மெஷினை 1995இல் அறிமுகப்படுத்தியது.

திருப்பூர் பனியனைப் பிரித்துக் கிலோமீட்டர் கணக்கில் நூல் எடுக்கலாமே என்று யாராவது கிளம்பினால் ஏமாற்றம்தான். அதுவும் பின்னல் துணிதான்; பின்னலாடை நகரம் என்ற பெயரே அதனால் வந்தது. ஆனால் அங்கே வட்டப் பின்னல் மெஷினில் பல பத்து ஃபீடர்கள் ஒரே சமயத்தில் நூல் ஊட்டுகின்றன. அடுத்தடுத்த வரிசைகள் வெவ்வேறு கோனிலிருந்து வந்த நூல்கள். போதாததற்கு, டி-ஷர்ட்டுக்கான துணியைப் பெரும்பாலும் கத்தரித்துத்தான் தைக்கிறார்கள். கத்தரி பட்ட இடத்தில் ஒவ்வொரு வரிசையும் அறுந்துபோகிறது. பிரித்தால் கிடைப்பது அரை மீட்டர், முக்கால் மீட்டர் துண்டுகள். பழைய ஸ்வெட்டர் வாங்கி நூல் எடுக்க நினைப்பவர்கள் முதலில் அதை உள்பக்கம் திருப்பிப் பக்கவாட்டுத் தையலைப் பார்க்க வேண்டும். ஓவர்லாக் அடித்துப் பிசிறு மூடியிருந்தால் அது வெட்டித் தைத்தது, விட்டுவிடலாம். இரண்டு பாகங்களின் ஓரங்கள் சங்கிலி மாதிரி கோத்து இணைக்கப்பட்டிருந்தால் நூல் முழுசாக வரும்.

வளையத்தால் ஆன எல்லாத் துணியும் இப்படி அவிழும் என்று நினைக்க வேண்டாம். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து வந்த சிவப்புக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி இருக்கிறது. வயது சுமார் 1,600 ஆண்டுகள். செருப்பு வார் நுழைய வசதியாகப் பெருவிரல் தனியாகப் பிரித்துச் செய்தது. பார்த்தால் நம் பின்னல் மாதிரியே தெரியும். ஆனால் அதைச் செய்தவர் காதுள்ள ஒற்றை ஊசியில் குட்டை நூலைக் கோத்து, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் நுனியையே முழுதாக இழுத்திருக்கிறார். நூல் தீரத் தீர அடுத்த துண்டை ஒட்டியிருக்கிறார். இதை இழுத்தால் அவிழாது, இன்னும் இறுகும். இரண்டு ஊசிப் பின்னல் இதற்குப் பிறகு வந்தது. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இல் முதல் பின்னல் மெஷினைக் கட்டினார். பின்னுவது மெஷினுக்குச் சாத்தியப்பட்டதற்கும் பின்னல் அவிழ்வதற்கும் காரணம் ஒன்றே: நுனியை எதற்குள்ளும் நுழைக்க வேண்டியதில்லை, வளையத்தை இழுத்தால் போதும்.

பின்னல் துணி ஏன் அப்படி இழுபடுகிறது என்பதும் இங்கே தெளிவாகும். நூல் நீளுவதில்லை. வளைந்த கண்ணிகள் ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் நீளுகின்றன, அவ்வளவே. பாரிஸில் ஒரு குழு நைலான் நரம்பைப் பின்னி, மெதுவாக இழுத்து, ஒவ்வொரு கண்ணியையும் படம் பிடித்து அளந்தது. நூல் வளையும்போது சேமிக்கும் ஆற்றலையும், நூலின் மொத்த நீளம் மாறாது என்பதையும் மட்டும் வைத்துக்கொண்டே துணியின் வடிவ மாற்றத்தைக் கணக்கிட முடிந்தது என்று 2018இல் அறிவித்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் எலிசபெட்டா மட்சுமோட்டோவின் குழு, ஒரே நூலில் கண்ணியின் முன்பக்கம் பின்பக்கம் வரும் ஒழுங்கை மட்டும் மாற்றி நான்கு விதத் துணி பின்னி, அவற்றின் மீள்திறன் எவ்வளவு மாறுபடுகிறது என்று 2024இல் காட்டியது. ஸ்வெட்டரின் இடுப்புப் பட்டையும் மணிக்கட்டுப் பட்டையும் ரப்பர் இல்லாமலே பிடித்துக்கொள்வதன் ரகசியம் அந்த ஒழுங்குதான். ஒரு விசித்திரம்: சாதாரண நேர்பின்னலைச் சரியாக நுனி பிடித்தால் இரண்டு கோடியிலிருந்தும் உருவலாம். பட்டையில் வரும் ஒன்று விட்டு ஒன்று பின்னலைக் கடைசியாகப் பின்னிய கோடியிலிருந்து மட்டும்தான் உருவ முடியும். ஸ்வெட்டர் பிரிக்கிறவர்கள் கழுத்திலிருந்து தொடங்குவது அதனால்தான்; கீழிருந்து மேலாகப் பின்னிய ஆடையில் கழுத்துதான் கடைசி.

முதல் பூட்டு இவ்வளவுதான். ஓர் இழுப்பில் திறந்துவிடும். இனி நூலுக்குள் இருக்கும் இரண்டாவது பூட்டு.

இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, தலைமுடி போதும். இரவு தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் முழுக்கக் காயாமல் சடை பின்னிப் படுத்த பெண், காலையில் பின்னலை அவிழ்த்தால் முடி அலை அலையாக நிற்கும். சீவினாலும் போகாது. மறுபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அலை காணாமல் போகும். கம்பளியும் முடிதான், ஆட்டின் முடி. இரண்டுமே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. நம் நகமும் மாட்டின் கொம்பும் அதே இனம்.

கெரட்டினுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் எட்டிப் பார்த்தவர்கள், பொருத்தமாகவே, கம்பளித் தொழில் ஊரான இங்கிலாந்தின் லீட்ஸில் இருந்தவர்கள். 1930களின் தொடக்கத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி முடியின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறி விழும் புள்ளிகளைப் படச்சுருளில் பதிவு செய்தார். சும்மா இருக்கும் முடி ஒரு மாதிரிப் படம் தந்தது. நனைத்து இழுத்துப் பிடித்த முடி வேறொரு படம் தந்தது. விட்டதும் பழைய படமே திரும்பியது. மூலக்கூறுகள் மடிந்தும் விரிந்தும் நிற்கக்கூடிய சங்கிலிகள் என்று அதிலிருந்து ஊகித்தார். அந்த மடிப்பு திருகுபடி போன்ற சுருள் என்று 1951இல் லைனஸ் பாலிங் குழு கண்டது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜனுக்கு மூன்று சங்கிலி முறுக்கிய அமைப்பை முன்வைத்தார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடிய முடியும், எவற்றில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதைக் காட்டும் அவருடைய வரைபடம் 1963இல் வந்தது. கெரட்டினின் சுருள் அந்த வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. ஆட்டு ரோமத்தின் கதையைக் கிண்டிப் பக்கத்திலிருந்தும் சொல்லத் தொடங்கலாம் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு: ஓரிடத்தின் ஹைட்ரஜன் அணு பக்கத்துச் சங்கிலியின் ஆக்சிஜனை லேசாக ஈர்த்துப் பிடிப்பது. தனித்தனியாக நோஞ்சான், எண்ணிக்கையில் ஏராளம். மற்றொன்று கந்தகப் பாலம்: இரு சங்கிலிகளின் கந்தக அணுக்கள் கைகோத்து நிற்பது. எண்ணிக்கை குறைவு, பலம் அதிகம். முடி எரிந்தால் வரும் நாற்றத்துக்கும் அந்தக் கந்தகத்துக்கும் சம்பந்தம் உண்டு.

ஸ்வெட்டரில் ஒவ்வொரு கண்ணியிலும் நூல் வளைந்து நிற்கிறது. வளைவின் வெளிப்புறம் இழுபட்டும் உட்புறம் நெருக்கப்பட்டும் இருக்கின்றன. முதல் நாள் பார்த்தால் நூல் நிமிரத்தான் துடிக்கும். நேற்றுப் பின்னியதை இன்று பிரித்தால் நூல் அவ்வளவாகச் சுருண்டிருக்காது. நாளாக ஆக, அழுத்தம் தாங்காத ஹைட்ரஜன் பிணைப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டு, வசதியான பக்கத்து இடத்தில் புதிதாகப் பிடித்துக்கொள்கின்றன. துவைத்துக் காயப்போடும்போது இது பெருமளவில் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஐந்து குளிர்காலம் உடுத்தித் துவைத்த ஸ்வெட்டரின் நூலுக்குக் கண்ணி வடிவமே சொந்த வடிவமாகிவிடுகிறது. இப்போது அதை நேராக இழுப்பதுதான் அதற்கு வலி.

தண்ணீர் இதில் என்ன செய்கிறது என்பதற்கு மழைக்காலத்து அப்பளத்தைப் பார்க்க வேண்டும். பொரித்த அப்பளம் மொறுமொறுவென்று ஒடியும். அரை மணி திறந்து வைத்தால் நமத்து, வளைத்தால் வளையும். அதன் வெப்பநிலை மாறவில்லை. காற்றின் ஈரம் மாவுச்சத்துச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து, அவை ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியில் பங்கு கேட்டுவிட்டது. படிகமாக ஒழுங்குபடாத இத்தகைய பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே விறைத்துக் கண்ணாடி போல நிற்கும்; மேலே இளகிக் கொடுக்கும். பாடநூல்கள் இதைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்கின்றன. சுருக்கமாக இளகுநிலை என்று வைத்துக்கொள்வோம். ஈரம் ஏற ஏற இளகுநிலை கீழே இறங்குகிறது. அப்பளத்தில் அது அறை வெப்பத்துக்குக் கீழே இறங்கியதும் அப்பளம் நமத்துவிடுகிறது.

கம்பளியிலும் இதுவே நடக்கிறது. துளி ஈரமில்லாமல் உலர்ந்த கம்பளியின் இளகுநிலை 170 டிகிரி செல்சியஸை ஒட்டியது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடியது. அப்படி முழுக்க நனைந்தால் இளகுநிலை பூஜ்யம் டிகிரிப் பக்கமாக இறங்கிவிடுகிறது. வெவ்வேறு அளவு ஈரமூட்டிய கம்பளியைச் சிறு கிண்ணத்தில் அடைத்து மெதுவாகச் சூடேற்றி, எந்த வெப்பநிலையில் அது வெப்பத்தை உறிஞ்சும் வேகம் சட்டென்று மாறுகிறது என்று பார்த்து இதை அளக்கிறார்கள். பச்சைத் தண்ணீரில் ஊறிய கம்பளி நூல், உள்ளுக்குள் 170 டிகிரிக்குச் சூடேற்றியதற்குச் சமமான இளக்கத்தில் இருக்கிறது என்று இதற்குப் பொருள். அடுப்பு இல்லாமலே.

பின்னுகிறவர்களின் வழக்கம் ஒவ்வொன்றும் இந்த அறிவியலோடு அச்சாகப் பொருந்துகிறது. உருவிய நூலை உருண்டையாகச் சுற்றி வைத்தால் நடுவில் உள்ளது நனையாது, காயவும் காயாது. அதனால் நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக எடுப்பார்கள். சிக்காமல் இருக்க நாலைந்து இடத்தில் தளரக் கட்டுவார்கள். கசக்காமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுவார்கள். நெளிவு கண்ணெதிரே தளரும். பிழியாமல் ஒத்தி எடுத்து, கொடியில் தொங்கவிட்டு, கீழே லேசான கனம் ஒன்றை மாட்டுவார்கள். காயக் காய நீர் வெளியேறி, சங்கிலிகள் அப்போது எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலேயே புதிய ஹைட்ரஜன் பிணைப்புகள் விழுகின்றன. நேராகத் தொங்கியதால் நேராகவே உறைகிறது. கனத்தை அதிகமாக மாட்டுவது ஆபத்து. நூல் தேவைக்கு மேல் நீண்ட நிலையில் உறைந்து, அடுத்த ஸ்வெட்டரை முதல் முறை துவைக்கும்போது சுருங்கிப் பழிவாங்கும்.

சில ஸ்வெட்டர் நூல்கள் இதற்கும் மசிவதில்லை. அவற்றில் ஆவி இஸ்திரி புகுந்திருக்கும். இங்கே கந்தகப் பாலம் விளையாட்டுக்குள் வருகிறது. லீட்ஸில் ஆஸ்ட்பரியும் அங்கேயே கம்பளியை ஆராய்ந்த ஸ்பீக்மனும் செய்த பழைய சோதனை இதை அழகாகக் காட்டியது. முடியை இழுத்துப் பிடித்து நீராவியில் சில நிமிடங்கள் மட்டும் வைத்து, ஆவியிலேயே விட்டால், அது பழைய நீளத்தைவிடவும் குட்டையாகச் சுருங்கியது. நெடுநேரம் வைத்துவிட்டு விட்டால் சுருங்கவே இல்லை, புதிய நீளத்திலேயே நின்றது. முதலில் பாலங்கள் அறுகின்றன, தாங்க ஆளில்லாத சங்கிலிகள் சுருண்டுகொள்கின்றன. நேரம் கொடுத்தால் பாலங்கள் புதிய இடங்களில் மறுபடி கட்டப்படுகின்றன. ஒரே முடி, ஒரே ஆவி. நேரம் மட்டும்தான் வித்தியாசம். பியூட்டி பார்லரில் பூசும் மருந்தும் இதையே செய்கிறது: ஒரு கரைசல் பாலத்தை அறுக்கும், முடியை வேண்டிய வடிவில் பிடித்துவைப்பார்கள், அடுத்த கரைசல் பாலத்தைக் கட்டும். அந்த நேர்முடி தண்ணீரில் கலையாது. நன்றாக ஆவி பிடித்து அழுத்திய ஸ்வெட்டரின் நூலும் அப்படித்தான், தண்ணீரில் பாதி நெளிவைத்தான் விட்டுக்கொடுக்கும்.

இவ்வளவும் அசல் கம்பளிக்கு. நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். குளிர்காலத்தில் தமிழக நகரங்களின் சாலையோரம் திபெத்தியர் விரிக்கும் கடைகளுக்கு லூதியானாவிலிருந்து வரும் ஸ்வெட்டர்களிலும் அக்ரிலிக்கே மிகுதி. இது பெட்ரோலியத்திலிருந்து வந்த இழை. தண்ணீரை உள்ளே விடாது. எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஈரம்தான் ஏற்கும். ஆகவே பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறினாலும் நெளிவு அப்படியே இருக்கும். இதன் இளகுநிலை உலர்ந்தபோது 85 முதல் 95 டிகிரி, வெந்நீரில் அதற்கும் கீழே. சூடு வேண்டும், ஆனால் அளவோடு. ஆவியை நேராகக் காட்டினால் நூல் துவண்டு, நெளிவோடு சேர்த்துத் துள்ளலும் போய்விடும்; அந்தத் துள்ளலைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. எது எந்த நூல் என்று தெரியாவிட்டால் ஓர் அங்குலத் துண்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டலாம். முடி கருகும் வாடையோடு பொசுங்கி, தொட்டால் பொடியாகும் சாம்பல் விட்டால் கம்பளி. உருகிச் சொட்டி, ஆறியதும் கல் மாதிரி கருமணி உருண்டால் அக்ரிலிக். காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி.

எந்தத் தண்ணீராலும் சீர்செய்ய முடியாதது, வாஷிங் மெஷினில் வெந்நீரில் சுழன்று வந்த கம்பளி ஸ்வெட்டர். கம்பளி இழையின் மேல் ஓட்டுச் சில்லு அடுக்கினாற்போலச் செதில்கள் உண்டு, எல்லாம் நுனியைப் பார்த்தபடி. இழை வேர்ப்பக்கமாக மட்டுமே நகர முடியும், திரும்பி வர முடியாது. சூடும் சோப்பும் உருட்டலும் சேர்ந்தால் பக்கத்து நூல்களின் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று ஊர்ந்து நிரந்தரமாகச் சிக்கிவிடும். கண்ணி இருக்கும்; உருவ நூல்தான் தனியாக இருக்காது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் முதல் உடைக்கும் கம்பளி நூலுக்கும் ரேஷன் கூப்பன் வந்தது, 1949இல்தான் முடிந்தது. பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னச் சொல்லி அரசாங்கமே பிரசாரம் செய்தது. பஞ்சம் வந்தால்தான் சிலருக்கு இது ஞாபகம் வரும்போல. நம் வடமாநில வீடுகளுக்கு அரசாங்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எத்தனை முறை இப்படிப் பிரித்துப் பின்னலாம்? கம்பளி நூல் என்பது சில சென்டிமீட்டர் நீளமே உள்ள இழைகளின் முறுக்கு. அவற்றை ஒட்டும் பசை எதுவும் இல்லை. நூலை இழுத்தால் முறுக்கு இறுகி, இழைகள் ஒன்றையொன்று நெருக்கி, உராய்வு கூடி, வழுக்க விடாமல் பிடிக்கிறது. குட்டை இழைகளால் ஆன நீளக் கயிறு எப்படி அறாமல் நிற்கிறது என்று 1638லேயே கலிலியோ யோசித்திருக்கிறார். உடுத்த உடுத்த முழங்கையிலும் அக்குளிலும் இழைகள் உதிர்ந்து உருண்டைப் பிசிறாகப் போகின்றன. அந்த இடத்து நூல் மெலிகிறது, உராயத் துணை குறைகிறது. பிரிக்கும்போது அந்த இடங்களில் நூல் பொட்டென்று அறும். அறுந்ததைக் கழித்தால் மீதி நூல் பழைய ஸ்வெட்டருக்கே போதாது, வளர்ந்த பிள்ளைக்கு எங்கே போதும்? பல வீட்டு ஸ்வெட்டர்களின் நெஞ்சுக்குக் குறுக்கே சம்பந்தமில்லாத வேறு நிறப் பட்டை ஓடுவது டிசைனுக்காக வந்ததில்லை.

நூலாக உருவ முடியாத நிலை வந்தபின் மிச்சமிருப்பது இழை மட்டும். அரியானாவின் பானிபட்டில் அந்த வேலை பெரிய தொழிலாக நடக்கிறது. மேலைநாடுகளில் கழித்துவிட்ட கம்பளி உடைகள் காண்ட்லா துறைமுகம் வழியாக, மறுபடி உடுத்த முடியாதபடி கிழிக்கப்பட்டு, மூட்டைகளாக வந்து இறங்குகின்றன. பித்தானும் ஜிப்பும் நீக்கி, நிறவாரியாகப் பிரித்து, பல் வைத்த உருளைகளில் கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்கிறார்கள். நிறம் ஏற்கெனவே இருப்பதால் சாயம் தேவைப்படுவதில்லை. 1813இல் இங்கிலாந்தின் பாட்லியில் பெஞ்சமின் லா தொடங்கிவைத்த முறை இது. கையால் உருவினால் நூல் போகாது, இழையும் அறாது. பல்லுருளை இரண்டையும் அறுக்கும். குட்டையான இழைக்கு உராயும் நீளம் குறைவு. அதனால் பானிபட் நூல் தடிமனாக இருக்க வேண்டியிருக்கிறது, அடிக்கடி செயற்கை இழையின் துணையும் தேவைப்படுகிறது. ஸ்வெட்டராக மறுபடி பின்ன அது லாயக்கில்லை. வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் நிவாரணமாக வந்து இறங்கும் முரட்டுக் கம்பளிப் போர்வைகளில் நிறைய அங்கே நெய்யப்பட்டவைதான்.